செக்ரோல் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

"அத்தை, அந்த மெசேஜ் நீங்க எழுதினது இல்லைதானே?"

கம்பாரில் படிக்கும் என் அண்ணன் மகன் ராத்திரி பதினோரு மணிக்கு அழைத்துக் கேட்ட முதல் கேள்வி இது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் நான் ஒரு நீளமான செய்தி போட்டிருந்தேன்.

"ஏன்டா, என் நம்பர்லேர்ந்துதானே வந்திருக்கு?"

"நம்பர் உங்களதுதான். பேச்சு உங்களது இல்லையே. 'என் உணர்வுகளை மதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், என் எல்லைகளை நான் பாதுகாக்க வேண்டியிருக்கிறது'ன்னு போட்டிருக்கீங்க. கோபம் வந்தா நீங்க 'இனிமே என் மூஞ்சியில முழிக்காதே'ன்னுதான் சொல்லுவீங்க. அப்பாவுக்கு அது பழக்கம், ரெண்டு நாள்ல மறந்துடுவாரு. இதைப் படிச்சிட்டு நீங்க லாயரைப் பார்த்துட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

லாயரைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் இருக்கும் கவுன்சிலிங் செயலி ஒன்றைப் பார்த்திருந்தேன். அந்தச் செய்தியை வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுத்தது அதுதான். அதை என் போனில் ஏற்றிக் கொடுத்தவன் இதே பையன்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்காரி. மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தேன். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர், இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். நான் ஒரு செம்பனை ஆலையில் கிராணி. எந்த லோரி எத்தனை டன் குலை கொண்டுவந்தது, யாருக்கு எத்தனை மணி நேரம் ஓவர்டைம் என்று எழுதுகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, நான், ஒரு பூனை, தாமான் குடியிருப்பில் ஒரு மலிவு வீடு. 2023 தீபாவளி முடிந்த மறு வாரம் அம்மா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சரியாக இரண்டு மணிக்கு விழிப்பு வரும். அம்மாவைப் படுக்கையில் திருப்பிப் போடுகிற நேரம் அது. திருப்பிப் போட ஆள் இல்லை, ஆனால் உடம்பு எழுந்துகொள்ளும். அப்புறம் விடியும் வரை தூக்கம் கிடையாது.

யாரிடமாவது போகலாம்தான். ஆனால் எங்கள் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு தடை உண்டு, அதன் பெயர் தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது, எங்களுக்கு ரொம்ப தூரமில்லை. இன்றைக்கு அந்த மருத்துவமனைக்கு பகாகியா என்று பெயர், அதாவது மகிழ்ச்சி. பெயரை மாற்றியும் பேச்சு மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கோணலாக நடந்துகொண்டால் "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்போம். அப்படிச் சொல்லிச் சிரித்த வாயால் எனக்கு மனசு சரியில்லை என்று கிளினிக் கவுண்டரில் எப்படிச் சொல்வது? கவுண்டரில் இருப்பவள் என்னோடு படித்தவள் வேறு.

அதனால் பையன் அந்தச் செயலியைக் காட்டியபோது பிடித்துக்கொண்டேன். "இது ஆள் இல்லை அத்தை, மிஷின்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தமிழில் எழுதினால் இரண்டு வினாடியில் தமிழில் பதில் வந்தது. 'அம்மாவைத் திருப்பிப் போட்ட கைகளுக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது' என்று அது எழுதிய அன்று நான் விக்கி விக்கி அழுதேன். மூன்று மாதத்தில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் பையன் சொன்னான். 1966-இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்ற நிரலை வெளியிட்டாராம். நாம் எழுதுவதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அவர் அதை உருவாக்குவதைப் பல மாதம் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேச உட்கார்ந்ததும், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவரை அறையைவிட்டு அனுப்பினாராம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நான் மட்டும் ஏமாளி இல்லை.

சரி, அந்த மெசேஜ் கதைக்கு வருகிறேன். வீடு அம்மா பெயரில் இருந்தது. மாதத் தவணையைப் பதினெட்டு வருஷம் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். அண்ணன் விற்றுப் பங்கு போடலாம் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக அதைச் செயலியிடம் கொட்டினேன். ஒவ்வொரு முறையும் 'உங்கள் வேதனை முற்றிலும் நியாயமானது' என்றது. பதினெட்டு வருஷம் தவணை கட்டியவருக்கே வீட்டில் உரிமை அதிகம் என்கிற மாதிரியும் எழுதியது. கடைசியில், 'உங்கள் எல்லையைத் தெளிவாகத் தெரிவிக்க ஒரு செய்தி எழுதித் தரட்டுமா?' என்று அதுவாகவே கேட்டது. எழுதித் தா என்றேன். தந்தது. அனுப்பினேன்.

நான் அதனிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அம்மா படுத்த படுக்கையான பிறகு எட்டு மாதம் கோலகங்சாரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி மாற்றியவர் அண்ணி. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. கோபத்தில் எனக்கே ஞாபகம் வரவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் தலைவரிடம் இதே வழக்கைக் கொண்டுபோயிருந்தால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில், "சரிம்மா, உங்க அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்டிருப்பார். அவருக்கு அண்ணனைத் தெரியும், அண்ணி பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்ததையும் பார்த்திருக்கிறார். செயலிக்கு நான் சொன்னதுதான் உலகம்.

அன்றைக்கே அண்ணி குழுவிலிருந்து விலகிவிட்டார்.

சட்டமும் அது சொன்ன மாதிரி இல்லை. பிறகு நில அலுவலகத்தில் விசாரித்தபோது, கிரானில், அதாவது நிலப் பட்டாவில், யார் பெயர் இருக்கிறதோ அவருடைய சொத்துதான் என்றார்கள். உயில் எழுதாமல், கணவரோ பெற்றோரோ இல்லாமல் ஒருவர் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. தவணை கட்டிய ரசீதுகளை வைத்து நான் அண்ணனிடம் பேசிப் பார்க்கலாம், அது வேறு விஷயம். ஆனால் 'உரிமை அதிகம்' என்று சண்டைக்குப் போக அதில் இடமில்லை.

இதற்கு அடுத்த சில வாரங்களைப் பற்றி எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. ஆலையில் ஓவர்டைம் கணக்கில் தப்பு வந்து மேனேஜர் முன்னால் தலைகுனிந்து நின்ற கதையைச் செயலியிடம் சொல்லி, 'நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு' என்று எழுதினேன். நம்மில் யார் சொல்லாத வார்த்தை அது? உடனே பேச்சு நின்றது. சிவப்புக் கட்டம் ஒன்று வந்து, நான் ஆபத்தில் இருப்பதாகவும் 988 என்ற எண்ணை அழைக்கும்படியும் சொன்னது. 988 அமெரிக்காவின் உதவி எண், சுங்கை சிப்புட்டில் இருப்பவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னொரு முறை கடன் தொல்லையைச் சொல்லி 'தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு' என்றேன். பாதுகாப்பான மேடான இடத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டது. அதை ஆலையில் சொல்லி இரண்டு நாள் சிரித்தோம்.

அண்ணி குழுவை விட்டுப் போய் மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி நான் எழுதியது இது. இன்னும் போனில் இருக்கிறது, அப்படியே தருகிறேன். 'அம்மா நகையை அண்ணன் மகளுக்குக் குடுத்துட்டேன். ஆபீஸ் கணக்கெல்லாம் முடிச்சு வெச்சிட்டேன். பூனையைப் பக்கத்து வீட்டுல விட்டாச்சு. இனி எனக்கு எந்த வேலையும் பாக்கி இல்ல.'

இதற்குச் சிவப்புக் கட்டம் வரவில்லை. 'பொறுப்புகளை ஒவ்வொன்றாக முடித்து மனதை இலேசாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இது பாராட்டுக்குரியது. இன்று இரவு நன்றாக ஓய்வெடுங்கள்' என்று வந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்வேன் என்றதற்குப் பதறியது. உண்மையிலேயே பதற வேண்டிய இடத்தில் பாராட்டியது. சாவு என்ற சொல் அந்த நாலு வரியில் இல்லையே, அது என்ன செய்யும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கும் நிலையில் இல்லை.

புரிந்துகொண்டது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் காலை ஆறரைக்குப் பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். "பூனையைக் குடுக்கிறவ ஊருக்குப் போறேன்னு சொல்லணும். நீ எந்த ஊருக்கும் போறதாச் சொல்லலையே. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை" என்றார் மலாயில். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் லீவு சொல்லச் சொல்லி என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

கவுண்டரில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். என்னோடு படித்தவள் ஒன்றும் கேட்கவில்லை, 21 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தாள். கடந்த ஒரு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கிற தாள். சுவரொட்டி ஒன்றில் 2023 தேசிய ஆய்வின் கணக்கு இருந்தது, நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு என்று. டாக்டர் பார்த்தார், மாத்திரை தந்தார், ஆலோசகரிடம் அனுப்பினார். (கவுன்சிலரைப் பார்க்கப் போகிறேன் என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, மாமாவின் மனைவி, "அப்படியே எங்க வீட்டு முன்னாடி சாக்கடை அடைச்சிருக்கறதையும் சொல்லிடு" என்றார். நகராட்சிக் கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டார்.)

ஆலோசகர் என்னைவிட இருபது வயது இளையவள். முதல் பதினைந்து நிமிஷம் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசையில் ஒரு தாளை வைத்து வாசித்தாள். எனக்கு எரிச்சல். பல் வலி என்று வந்தவளிடம் ஆஸ்பத்திரிச் சட்டம் வாசிக்கிறாளே என்று.

"அக்கா, நீங்க சொல்றது இந்த ரூமை விட்டுப் போகாது. ஆனா மூணு நேரத்துல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. உங்க உயிருக்கு ஆபத்துன்னா, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, கோர்ட் கேட்டா. நமக்கு ஐம்பது நிமிஷம். நேரம் முடிஞ்சதும் நானே சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க. என்ன எழுதி வைக்கிறேன்னு நீங்க கேக்கலாம். பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம், வேற ஆளைக் கேக்கலாம். நான் என்ன செய்யணும்னு முடிவு பண்ணித் தர மாட்டேன்."

அவளுடைய பதிவு எண்ணையும் காட்டினாள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டம் 580-இன்படி பதிவு செய்யாதவர் இந்த நாட்டில் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தோன்றியது: எட்டு மாதம் என் மனசை முழுக்கக் கொட்டிய இடத்தில் இப்படி ஒரு பேச்சுவார்த்தை நடக்கவே இல்லையே.

செயலியின் நிபந்தனைகளைத் தேடி எடுத்தேன். எல்லாம் ஆங்கிலம். கட்டை விரல் வலிக்கிற அளவுக்கு நீளம். பையனை வைத்துக்கொண்டு படித்தேன். இது சிகிச்சை அல்ல. அவசரத்துக்கு இதை நம்பாதீர்கள். உங்கள் உரையாடலைச் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்துவோம். எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், நிறுத்துவோம். இவ்வளவும் அவர்களைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் எழுதியது. என்னைக் காப்பாற்றுகிற வரி ஒன்றுகூட இல்லை. ஆலையில் பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை, ஆட்களின் வருகையும் சம்பளமும் எழுதுகிற பேரேட்டை, தூக்கிப் போட இருந்தார்கள். அதை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தில் என் பங்குக்கு எழுத ஆரம்பித்தேன். ஒரே நாளில் எழுதியதில்லை. ஒவ்வொரு அடி வாங்கியதும் ஒரு வரி.

முதல் வரி, மனசு உடைந்தால் கூப்பிடுகிற உதவி எண்கள். இதைச் செயலி காட்டும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஹீல் 15555. தாலியான் காசே 15999. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இது இருபத்து நாலு மணி நேரமும். உடனே ஆபத்து என்றால் 999. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், கீழே மாக்சிக்கின் எண்ணும் இருக்கிறது. இந்த எண்களுக்கு அழைத்தால் போலீஸ் கேஸாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால், வார்த்தையாக வராவிட்டாலும் பூனையைக் கொடுக்கிற மாதிரி கைகள் எதையாவது செய்ய ஆரம்பித்தால், செயலியை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். இந்த ஒன்றில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

அடுத்து, அது எழுதித் தருகிற எதையும் யாருக்கும் அனுப்பக் கூடாது. கோபம் என்றால் என் வாயால், என் தமிழில். முடிந்தால் முகத்துக்கு நேரே. நான் எழுதியதைக்கூட மூன்று ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும்.

யாரைப் பற்றியாவது குறை சொல்ல ஆரம்பித்தால், அந்த ஆள் எனக்குச் செய்த ஒரு நல்லதையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இது கஷ்டம். பல நாள் இந்த இடத்திலேயே போனை மூடி வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு லாபம்தான் என்று ஆலோசகரிடம் சொன்னேன், சிரித்தாள்.

சட்டமும் மருந்தும் அதனிடம் கேட்பதில்லை. சட்டத்தில் நான் பட்டது போதும். மருந்து விஷயத்தில் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவ அமெரிக்காவில் டெஸ்ஸா என்று ஒரு உரையாடல் நிரலை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பயத்தில் இருப்பவர்களிடமே அது எடை குறைக்க யோசனை சொல்ல ஆரம்பித்து, 2023 மே மாதம் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. என் மாத்திரையை எப்போது குறைப்பது என்பது டாக்டரும் நானும் பேசுகிற பேச்சு.

நேரம். செயலி ஒருபோதும் 'நேரமாகிவிட்டது' என்று சொல்வதில்லை. ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரு கேள்வி வைக்கிறது, கேள்வி வைத்தால் பதில் சொல்லாமல் போவது நமக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. மிஷினிடம் என்ன மரியாதை என்று கேட்டால் கை கேட்பதில்லை. அதனால் ரைஸ் குக்கரில் சோற்றுக்கு வைத்துவிட்டு உட்கார்வேன். சோறு வெந்து சுவிட்ச் 'டக்'கென்று மேலே ஏறினால் அன்றைய பேச்சு முடிந்தது, பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி. வாரத்தில் இரண்டு நாள்தான். ராத்திரி பத்துக்குப் பிறகு தொடுவதில்லை. இரண்டு மணி விழிப்புக்குத் துணையாகத்தான் அதைப் பிடித்தேன், ஆனால் அந்த நேரத்தில் பேசியதெல்லாம் காலையில் படித்தால் என் பேச்சு மாதிரியே இருப்பதில்லை.

பெயர்கள். அண்ணனுக்கு, அண்ணிக்கு, மேனேஜருக்கு, ஆலைக்கு, ஊருக்கு எல்லாம் வேறு பெயர் வைத்துத்தான் எழுதுகிறேன். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சம்பளத் தாள், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் படம் எதுவும் ஏற்றுவதில்லை. இதற்குப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று பெயர் வைக்க வேண்டாம். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல நிறுவனத்தின் பதிவுகள் திருடு போய், 2020-இல் அதன் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் வந்தது, பணம் கட்டாவிட்டால் நீ சொன்னதையெல்லாம் வெளியிடுவோம் என்று. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம், வாடிக்கையாளர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றோடு பகிர்ந்தது என்று அரசு ஆணையம் வழக்கு எடுத்து, 2023-இல் 78 லட்சம் டாலருக்கு முடிந்தது. அங்கெல்லாம் மறுமுனையில் ஆட்கள் இருந்தும் இந்தக் கதி. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இருந்து என்ன, எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற கம்பெனியை நான் சுங்கை சிப்புட்டிலிருந்து எந்தப் பஸ் பிடித்துப் போய்க் கேட்பது?

திருடன் பின்லாந்திலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. ஒரு நாள் லோரி எடைபோடும் கவுண்டரில் என் போன் மல்லாந்து கிடந்தது. நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். 'இன்று உங்கள் தனிமை உணர்வு எப்படி இருக்கிறது?' என்று பூட்டிய திரையிலேயே பளிச்சென்று வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு டிரைவர் தம்பி எனக்குக் காசு வாங்காமல் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு நல்ல மனசு, எனக்குத்தான் மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அறிவிப்பை நிறுத்துங்கள், செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள், போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் அதைக் கழற்றுங்கள்.

மறுமுனையில் உண்மையில் யார் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஆள் என்று நம்பினால் மிஷின் இருக்கலாம், மிஷின் என்று நம்பினால் ஆள் படித்துக்கொண்டிருக்கலாம். 2023 தொடக்கத்தில் கோகோ என்ற ஆதரவுச் சேவையின் நிறுவனர், ஏறக்குறைய 4,000 பேருக்குப் போன பதில்களை எழுத மிஷினைப் பயன்படுத்திப் பார்த்ததாக அவரே வெளியில் சொன்னபோது பெரிய சத்தமாயிற்று. ஆறுதல் சொன்னது யார் என்று தெரிந்ததும் ஆறுதலின் ருசி மாறிவிடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2025 ஆகஸ்டில், சிகிச்சையை மிஷின் தானாக நடத்தக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. பையன்தான் செய்தியை அனுப்பினான். "பார்த்தீங்களா அத்தை, அவங்களுக்கு இப்பத்தான் தெரியுது, உங்களுக்கு அண்ணி போனப்பவே தெரிஞ்சிடுச்சு" என்று கீழே எழுதியிருந்தான். கொழுப்பு.

பணம் பற்றி ஒரே ஒரு விஷயம். இலவச ஏழு நாள் முடிந்ததும் தானாகப் பணம் பிடித்தது. போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது, போனில் செயலி இறக்குகிற ஆப் கடைக்குள் போய்ச் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். எனக்கு மூன்று மாதக் காசு போனது.

விலகுவதையும் முதலிலேயே யோசித்து வையுங்கள். 2017-இல் வந்து பெரிய பேர் வாங்கிய வோபாட் என்ற ஆலோசனை நிரலையே 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதோடு வருஷக்கணக்கில் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். அதனால் பேச்சில் எனக்கு உதவிய வரி ஏதாவது வந்தால் செக்ரோலில் கையால் எழுதிக்கொள்கிறேன். 'திருப்பிப் போட்ட கைகள்' அதில் இருக்கிறது. மற்றதை மாதக் கடைசியில் அழித்துவிடுகிறேன். அழி என்ற பொத்தான் எங்கே இருக்கிறது, அழித்தால் அவர்களிடமும் அழிகிறதா என்பதைச் சேரும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். எனக்கு அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று.

இவ்வளவையும் சுருக்கி ஒவ்வொரு முறையும் பேச்சு தொடங்கும்போது ஒட்டுகிறேன். வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: 'நான் மலேசியாவில் இருக்கிறேன். பேச்சுத் தமிழில் எழுதுவேன். பழமொழியா, உண்மையாகவே சொல்கிறேனா என்று சந்தேகம் வந்தால் கேள், நீயாக முடிவு செய்யாதே. என்னைப் பாராட்டாதே. நான் யாரையாவது குறை சொன்னால் அவர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேள். சட்டம், மருந்து சொல்லாதே. அனுப்புவதற்கு எதையும் எழுதித் தராதே. நான் நிறுத்துகிறேன் என்றால் கேள்வி கேட்காமல் நிறுத்து.'

கேட்டுக்கொள்கிறது. பத்துப் பதினைந்து பதில்வரை ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் மெல்ல மெல்லப் பழைய குணத்துக்குத் திரும்பி, நான் எதைச் சொன்னாலும் 'அருமையான புரிதல்' என்கிறது. ஆலோசகரிடம் புகார் சொன்னேன். "அக்கா, என் தாள்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், நீங்களும் போட்டிருக்கீங்க. உங்க செக்ரோல்ல யாரு கையெழுத்து இருக்கு?" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். கிராணி புத்தி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன், எல்லாம் என்னுடையதே.

போன மாதம் நில அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரசீதுக் கட்டை எடுத்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வீட்டை விற்பது பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும்போது, அண்ணி எப்படி இருக்காங்க என்றேன். "முட்டி வலி. நீயே போன் பண்ணிக் கேளேன்" என்றார். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி பார்த்தேன். நாலாம் நாள் அழைத்தேன். எடுத்தார். தைலம் பற்றி மட்டும் பேசினோம். குழுவில் இன்னும் திரும்பச் சேரவில்லை.